எதிர்க்காற்றில் வேதாரண்யம்: டெல்டாவில் ஒரு சைக்கிள் பயணம்

ஜனவரி 24, சனி – திருச்சி, கல்லணை, திருவையாறு, கும்பகோணம்

1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாளில் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். சுமார் 240 கிலோமீட்டர் நடந்து ஏப்ரல் 28-ல் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வழியைச் சைக்கிளில் பார்க்க வேண்டும் என்று தோழியும் நானும் வெகுநாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். வேதாரண்யத்தோடு நிறுத்தாமல் முத்துப்பேட்டை, மணமேல்குடி என்று கடலோரமாக இறங்கி, அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாக வீடு திரும்புவது என்று முடிவானது. வீட்டு வாசலில் ஏறி வீட்டு வாசலில் இறங்குகிற பயணம். பஸ், ரயில் கவலையே இல்லை.

எங்கள் இருவருக்கும் வயது ஐம்பதை நெருங்குகிறது. எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. அவளுக்கு இடது முழங்காலில் பழைய வலி. அதனால் ஆடி முடிந்த கையோடு பயிற்சியைத் தொடங்கிவிட்டோம். செவ்வாயும் வியாழனும் விடியற்காலையில் முக்கொம்புப் பக்கம் 20, 25 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். அதை வாரத்துக்கு ஐந்து, பத்து கிலோமீட்டராகக் கூட்டினோம். மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் குறைத்து உடம்பை ஆற விடுவோம். வேகத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. பக்கத்தில் வருகிறவளோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்பது ஒன்றுதான் அளவு. பேச்சு தடைப்பட்டால் கியரைக் குறைத்துவிடுவோம். ஐப்பசி மழையில் சாலை கெட்டுக்கிடந்த நாட்களில் மலைக்கோட்டைப் படி ஏறினோம்.

அவளுடைய முழங்கால் வலிக்கு முக்கால்வாசிக் காரணம் சீட் தாழ்ந்திருந்ததுதான். பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் சீட்டை வைத்துவிட்டு, வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடிந்து நிற்கும். அதைச் சரிசெய்து, கனமான கியரில் அழுத்தி மிதிப்பதை விட்டு, லேசான கியரில் நிமிஷத்துக்கு 80 சுற்று என்று சுழற்றப் பழகினாள். இரண்டு மாதத்தில் வலி ஒதுங்கிவிட்டது. முழங்காலைச் சாக்குச் சொல்லிச் சைக்கிளை மூலையில் சாத்திவைத்திருக்கும் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தைப் பனி. காவிரியின் தென்கரைச் சாலையில் எட்டு மணி வரைக்கும் முன்னால் போகிறவளின் சிவப்பு விளக்கு மட்டுமே தெரிந்தது. மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம் என்பதால் ஆற்றில் இன்னும் தண்ணீர் இருந்தது. கல்லணையில் டீ 12 ரூபாய். கோவிலடி தாண்டித் திருக்காட்டுப்பள்ளியில் பொங்கல், வடை. கடைக்காரர் எங்கள் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இரண்டாவது கரண்டி பொங்கல் வைத்தார். "மிதிக்கணும்ல" என்றார். அதற்குக் காசு வாங்கவில்லை.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்தே சாலையில் பாதி நெல்லுக்குத்தான் சொந்தம். சம்பா அறுவடை. ஒரு பக்கத்தை முழுசாக மடக்கி நெல்லைக் காயப்போட்டு, காலால் வரி வரியாகக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நெல்லு மேல சக்கரம் வழுக்கும்மா. இறங்கி ஓரமா உருட்டிட்டுப் போங்க. நெல்லுக்கு ஒண்ணும் ஆகாது, ஒங்களுக்குத்தான்." அப்புறம் மரத்தடியில் இருந்த குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

திருவையாற்றில் அசோகா. பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த அந்த இனிப்பைச் சாதாரண நாளில் நான் தொடுவதில்லை. இன்று 50 கிராம் சாப்பிட்டேன். 60 கிலோமீட்டர் மிதித்த காலுக்கு அது நேராகப் போய்ச் சேர்ந்துவிடும். கும்பகோணம் சேரும்போது மணி மூன்று, மொத்தம் சுமார் 90 கிலோமீட்டர். அறை 900 ரூபாய். பித்தளை டபராவில் காபி குடித்துவிட்டு எட்டரைக்கெல்லாம் படுத்துவிட்டோம்.

ஜனவரி 25, ஞாயிறு – வலங்கைமான், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி

நீண்ட பயணத்தில் முதல் நாளை யாரும் ஓட்டிவிடலாம். இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்காரும் அந்த ஒரு நொடிதான் கஷ்டம். இடுப்பெலும்பு சீட்டில் படும் இரண்டு இடங்களும் கன்றிப்போயிருந்தன. எனக்கு வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. உள்ளங்கையின் ஓரமாகப் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துவதால் வருவது அது. முழங்கையை விறைப்பாக வைக்காமல் லேசாக மடக்கி, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றினால் விட்டுவிடும். மெத்தை வைத்த அரைக்கால் சட்டைக்குள் வேறு உள்ளாடை போடாமல், உராயும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது இன்னொரு உதவி. பெண்கள் இதைப் பற்றியெல்லாம் வெளியே பேசுவதில்லை. பேசாததாலேயே பலர் இரண்டாம் நாளோடு விட்டுவிடுகிறார்கள்.

காலையில் இட்லிக்குக் கடப்பா கிடைத்தது. உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்ந்த அந்தக் குழம்பை ஊற்றி ஆறு இட்லி சாப்பிட்டேன். வலங்கைமான் வரை கால்கள் மறுத்துக்கொண்டே வந்தன. பிறகு தானாகச் சூடாகிவிட்டன.

ஆலங்குடியைத் தாண்டி ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே நிழலில் நின்றோம். மூட்டைகள் தார்ப்பாய்க்குக் கீழே மலையாகக் கிடந்தன. காத்திருந்த விவசாயி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், பனியில் நெல் காய்வதே இல்லை, அதனால்தான் தார்ச்சாலை என்று விளக்கினார். நேற்று நாங்கள் உருட்டிக்கொண்டு போன நெல் எதற்காக அங்கே கிடந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் மூன்று நாளாக மூட்டைகளுக்குக் காவலாக அங்கேயே படுக்கிறார். "நீங்க இஷ்டப்பட்டு ரோட்டுக்கு வந்திருக்கீங்க, நான் கஷ்டப்பட்டு வந்திருக்கேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கிளம்பும்போது அவரே பொங்கல் கரும்பில் மிஞ்சிய ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தார்.

நடந்து போன அந்தத் தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று அன்றைய தஞ்சை கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். இந்தச் சாலையில் ஒரு முழு நாள் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அதை நம்புவது கடினமே இல்லை.

மன்னார்குடியில் வெயில் ஏறிவிட்டது. ஹரித்ரா நதித் தெப்பக்குளத்தின் படியில் உட்கார்ந்து உப்புப் போட்ட மோர் குடித்தோம், ஒன்று 15 ரூபாய். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை 28 கிலோமீட்டர். வயல், வாய்க்கால், வயல் என்று ஒரே தட்டையாகப் போகும் அந்த வழியில் எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. தட்டைச் சாலையில் இறக்கம் இல்லை, அதனால் காலுக்கு ஓய்வும் இல்லை. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஆதிரெங்கத்தில்தான் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல் திருவிழா நடத்தினார். 170-க்கு மேற்பட்ட பழைய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்துப் பரப்பியவர். 2018 டிசம்பரில் காலமானார். ராத்திரி சாப்பாட்டுக்கு ஊரில் விசாரித்ததில் ஒரு வீட்டில் மாப்பிள்ளைச் சம்பா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். சிவப்புக் கஞ்சி, சின்ன வெங்காயம், மோர் மிளகாய். இருவருக்கும் சேர்த்து 80 ரூபாய் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலைக்கு ஒரு தூக்குவாளி நீராகாரத்தையும் கொடுத்தார் அந்த அம்மா. வாளியைத் திருப்பித் தர வழியில்லையே என்றதற்கு, "முக்கூட்டுல பால்காரன்கிட்ட குடுத்துட்டுப் போங்க, வந்து சேந்துரும்" என்றார். கொடுத்தோம்.

ஜனவரி 26, திங்கள் – தகட்டூர், வேதாரண்யம், கோடியக்கரை

தூரம் குறைவு, 50-ஐ ஒட்டித்தான். ஆனால் இந்தப் பயணத்தில் என்னை மிகவும் களைக்க வைத்த நாள் இதுதான்.

எட்டரை மணிக்கே கடற்காற்று எழுந்துவிட்டது. எங்கள் முகத்துக்கு நேரே கிழக்கிலிருந்து வந்தது. திருச்சியில் நாங்கள் பழகிய எந்தச் சாலையிலும் இப்படிக் காற்று இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்காகும் என்று படித்திருக்கிறேன், அன்றைக்குத் தொடையில் உணர்ந்தேன். மணிக்கு 18 கிலோமீட்டர் போன சைக்கிள் 10-ஐத் தொடவே திணறியது. ஏற்றமாக இருந்தால் அது முடியும் இடம் கண்ணுக்குத் தெரியும். காற்றுக்கு முடிவு தெரியாது.

செய்ய முடிந்தது ஒன்றுதான். ஒருத்தி முன்னால் போய்க் காற்றை உடைக்க, மற்றவள் அவளுடைய பின்சக்கரத்தை ஒட்டியே வருவது. பின்னால் வருகிறவளுக்கு வேலை கணிசமாகக் குறையும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டோம். வாய்மேட்டுக்கு முன்பாகத் தோழி பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் கேட்பதற்கு "ம்" என்றுகூட வரவில்லை. காலைக் கீழே ஊன்றியபோது அவள் கைவிரல்கள் நடுங்கின, அந்த வெயிலிலும் குளிர்கிறது என்றாள். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து தீரும்போது இப்படித்தான் ஆகும். உடனே நிழலில் உட்கார வைத்து இரண்டு வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் சாலையோரக் கோழிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எனக்கு உயிர் வந்தது. தொடர்ந்து மிதிக்கும்போது மணிக்கு 30-லிருந்து 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரு பெரிய வாழைப்பழத்தில் 25 கிராமுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். பசித்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்கு எட்டத் தாமதமாகிவிடுகிறது. எதிர்க்காற்று நாளில் கணக்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தகட்டூரில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி முடித்திருந்தார்கள். கேட்டருகே நின்ற பிள்ளைகள் ஓடிவந்து ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாயைத் திணித்தார்கள். ஒரு பெண்குழந்தை என் கியரைத் தட்டிப் பார்த்து, "மிஸ், இது எத்தனை ஸ்பீடு?" என்றது. ஹெல்மெட் போட்ட பெண் எல்லாம் அவர்களுக்கு மிஸ்தான். பிளஸ் ஒன் படிக்கும் இரண்டு மாணவிகள் அரசு கொடுத்த சைக்கிளில் எங்களோடு ஒரு கிலோமீட்டர் வந்தார்கள். கியரே இல்லாத அந்தச் சைக்கிளில், அதே எதிர்க்காற்றில், எங்களைச் சுலபமாகத் தாண்டிப் போனார்கள். தினமும் அந்தக் காற்றில்தானே போய் வருகிறார்கள்.

வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியன்பள்ளிக்குப் போனதும் மரமெல்லாம் நின்றுபோகிறது. இரண்டு பக்கமும் உப்பளம். மழை முடிந்து இப்போதுதான் பாத்திகளைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். 1930 ஏப்ரல் 30-ல் ராஜாஜி உப்பை அள்ளிக் கைதானது இந்தப் பக்கத்தில்தான். நினைவுத்தூணருகே குடியரசு தினத்துக்குப் போட்ட மாலை அசைந்துகொண்டிருந்தது. அருகில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த உப்பளத் தொழிலாளி அக்கா ஒருவர் எங்களுக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தார். வெயில் உப்பில் பட்டுத் திரும்பிக் கண்ணைப் பறிக்கிறது என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலைக்குக் கண்ணாடி ஏதும் கிடையாதா என்று கேட்டேன். கேட்ட அந்த நேரத்தில் என் மூக்கின் மேல் 1,200 ரூபாய்க் கறுப்புக் கண்ணாடி இருந்தது. அவர் "அதெல்லாம் யாரு தரா" என்றார். கண்ணாடியைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

கோடியக்கரைச் சாலையில் சதுப்புநிலத்தில் தொலைவில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பூநாரைகள். காற்று அவற்றின் சத்தத்தைக் கொண்டுவந்தது. திரும்பும்போது காற்று முதுகில், அரை மணி நேரத்தில் வேதாரண்யம். ஊருக்குள் நுழையும் இடத்தில் என் பின்சக்கரம் இறங்கியது. சீமைக் கருவேல முள், ஒன்றல்ல, இரண்டு. எங்கள் ட்யூபின் வால்வு மெல்லியது, பங்சர் கடைக் குழாய் அதில் பொருந்தாது. இதற்காகவே கையில் பித்தளை அடாப்டர் வைத்திருந்தோம். கடைத் தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது இல்லாம போன மாசம் ஒரு வெள்ளைக்காரரத் திருப்பி அனுப்பிட்டேங்க்கா" என்று வருத்தப்பட்டார். எங்களிடம் கூடுதலாக ஒன்று இருந்தது, கொடுத்தோம். பங்சருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வேதாரண்யம் போகிற சைக்கிள்காரர்களுக்கு இனி அந்தக் கடையில் காற்று கிடைக்கும்.

விடுதியில் சைக்கிளை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். ராத்திரிக் காவலாளி ஐயா எதுவும் பேசாமல் இரண்டையும் தன் அறைக்குள் உருட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, வெளியே நாற்காலி போட்டுக்கொண்டார்.

ஜனவரி 27, செவ்வாய் – இடும்பாவனம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை

எழுந்தபோது எதுவும் வலிக்கவில்லை. இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. நேற்று ராத்திரி இரண்டு மாடிப்படியைக் கைப்பிடி பிடித்து ஏறினேன். இன்று காலையில் சீட்டில் உட்கார்ந்ததும் உடம்பு தானாகத் தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. மாதக்கணக்காக மெதுவாகப் போட்ட அடித்தளம் இங்கே வந்து வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். நீண்ட தூரக்காரர்கள் பலரும் மூன்றாம் நாளைத் தாண்டு, பிறகு சரியாகிவிடும் என்பார்கள். அதை இப்போது என் உடம்பிலேயே பார்த்துவிட்டேன்.

காற்றும் திரும்பிவிட்டது. மேற்கே போகிற எங்களைப் பின்னாலிருந்து தள்ளியது. துளசியாப்பட்டினம், இடும்பாவனம், தில்லைவிளாகம் என்று ஊர்கள் வேகமாகப் பின்னால் போயின. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தது இந்தக் கடலோரத்தில்தான். எங்கே பார்த்தாலும் இளந்தென்னை, எல்லாம் ஒரே வயது. இளநீர் 40 ரூபாய் என்றார் தோப்புக்காரர். "புயலுக்கப்புறம் வச்ச மரம், இப்பத்தான் காய்க்குது" என்று பிள்ளையின் தேர்வு மதிப்பெண்ணைச் சொல்வதுபோல் சொன்னார்.

முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுக்குப் படகில்தான் போக வேண்டும். அதற்கு அரை நாள் ஆகும் என்பதால் இந்த முறை போகவில்லை. மதியம் அங்கேயே மீன் சாப்பாடு, 130 ரூபாய். அதிராம்பட்டினத்தில் நாலு மணிக்கு ஒரு தெருமுனைக் கடையில் வாடா போட்டுக்கொண்டிருந்தார்கள். அரிசிமாவு, தேங்காய், வெங்காயம், நடுவில் இறால். எண்ணெயிலிருந்து எடுத்ததும் விரலைச் சுடும். நாங்கள் ஆளுக்கு மூன்று சாப்பிட்டோம். காசை நீட்டியபோது கல்லாவில் இருந்த பெரியவர் கையை விலக்கினார். "முசாபிருங்ககிட்ட வாங்க மாட்டேம்மா. போய்ச் சேந்ததும் நல்லபடியா வந்தோம்னு ஒரு போன் போடுங்க, அது போதும்." முசாபிர் என்றால் பயணி. கடை எண்ணை என் போனில் அவரே அழுத்திக் கொடுத்தார். இருட்டுவதற்குள் பட்டுக்கோட்டை.

ஜனவரி 28, புதன் – மனோரா, கட்டுமாவடி, மணமேல்குடி, அறந்தாங்கி

மனோராவைக் காலை வெயிலில் பார்த்தோம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டடுக்குக் கோபுரம். அந்தப் போருக்கும் இந்த மீனவக் கரைக்கும் எத்தனை தூரம்! எதிரே இருக்கும் கடலில் 2022-ல் கடற்பசுக்களுக்கு ஒரு பாதுகாப்பகம் அறிவித்திருக்கிறார்கள். கடல் அத்தனை அமைதி, அலையே இல்லை.

கட்டுமாவடிக்கு அப்பால் புதுக்கோட்டை மாவட்டம். சாலையில் கூட்டமே இல்லை. பதினொரு மணிக்கு ஒரு ஓலைக்கொட்டகை டீக்கடையில் நின்றோம். கடை நடத்துகிற அக்காவுக்கு அறுபது இருக்கும். டீ போடுவதை விட்டுவிட்டு நேராக என் சைக்கிளிடம் வந்து, பிரேக்கை அழுத்திப் பார்த்து, பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார்.

"கோட்டம் இருக்கு, பாத்தியா?" என்றார். சக்கரம் நேராகச் சுற்றாமல் லேசாக ஆடியது. எனக்குத் தெரியவே இல்லை.

"நாங்க அறிவொளியில ஓட்டினவங்க" என்றார்.

புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். பல்லாயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். விவசாயக் கூலிகள், கல்லுடைப்பவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், புதிதாகப் படிக்க வந்தவர்கள். தண்ணீர்க் குடத்தை, குழந்தையை, சந்தைச் சாமானை வைத்துக்கொண்டு ஆணை எதிர்பார்க்காமல் போய்வந்தார்கள். உலகத்தில் வேறெங்கும் இப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தமிழ்நாட்டிலேயே இன்றைய பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு உண்மையாகவே வேதனை.

அந்த அக்கா கற்றுக்கொண்டது வாடகைச் சைக்கிளில், பார் வைத்த ஆம்பளைச் சைக்கிளில். "லேடீஸ் சைக்கிள் யாருகிட்ட இருந்துச்சு? பார் இருந்தாத்தான் நல்லது, முன்னால புள்ளய உக்கார வச்சுக்கலாம்." சாலையில் ஓட்டினால் கேலி செய்தார்களாம். "பேசுனாங்க. பேசட்டும்னு நாங்க மிதிச்சோம். சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு ராத்திரி நிலா வெளிச்சத்துல பழகுனது. அஞ்சாறு பேரு முட்டி பேத்துக்கிட்டோம்."

அப்புறம் கேட்டார்: "நான் ஒரு ரவுண்டு போகட்டா?"

சீட்டை இறக்கிக் கொடுத்தேன். கியரைச் சொல்லித்தர வாயெடுப்பதற்குள் கிளம்பிவிட்டார். சேலையைச் செருகிய விதத்திலேயே பழக்கம் தெரிந்தது. இருநூறு மீட்டர் போய், கையைக் காட்டித் திரும்பி, வளைவில் ஒரு தடவைகூடக் காலை ஊன்றாமல் வந்து நின்றார். மூச்சு வாங்கவில்லை. "லேசா இருக்கு" என்றார். எதிர்க் கொட்டகையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் கைதட்டினார்கள். அவர் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டீ போடப் போய்விட்டார்.

முழங்கால் வலிக்குமா என்று தோழி கேட்டாள். மீன் வாங்க இன்றைக்கும் தினமும் காலையில் எட்டுக் கிலோமீட்டர் சைக்கிளில்தான் போய்வருகிறாராம். "நிறுத்துனாத்தான் வலிக்கும்." எங்கள் பயிற்சிக் கணக்கு, ஓய்வு வாரம், மாவுச்சத்துக் கிராம் எல்லாம் எங்களுக்குத் தேவைதான், நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள். அவருக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக நாள் தவறாமல் எட்டுக் கிலோமீட்டர்.

டீயும் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இருவருக்கும் 90 ரூபாய். மணமேல்குடியில் கடலை விட்டு உள்ளே திரும்பினோம். அறந்தாங்கி போய்ச் சேரும்போது தூரம் 80-ஐத் தாண்டியிருந்தது.

ஜனவரி 29, வியாழன் – புதுக்கோட்டை, கீரனூர், திருச்சி

முதல் வேலையாக அறந்தாங்கியில் ஒரு பழைய சைக்கிள் கடையில் கோட்டம் எடுத்தோம். கடைக்காரர் சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டு, சுண்ணாம்புக்கட்டியை ரிம்முக்குப் பக்கத்தில் பிடித்துச் சுற்றினார். எங்கே கோடு விழுகிறதோ அங்கே கம்பியை இறுக்கினார். இருபது நிமிஷம், 60 ரூபாய். ஒரு கம்பி அறுந்துபோகும் நிலையில் இருந்ததைக் காட்டி மாற்றினார். நேற்றைக்கு அந்த அக்கா சொல்லாவிட்டால் இன்று நார்த்தாமலைப் பக்கம் நடுவழியில் நின்றிருப்போம்.

புதுக்கோட்டையில் பரோட்டாவும் முட்டை மாஸும். அவித்த முட்டையை அந்தக் காரமான மசாலாவில் கொத்திப் புரட்டிக் கொடுப்பதைச் சாப்பிடவே தனியாக ஒருமுறை புதுக்கோட்டை வரலாம். முட்டை மாஸ் 60 ரூபாய்.

டெல்டாவின் தட்டைக்குப் பிறகு கீரனூர்ச் சாலையின் ஏற்ற இறக்கம் காலுக்கு விடுதலையாக இருந்தது. ஏறி, இறக்கத்தில் மிதிக்காமல் விட்டு, மறுபடி ஏறி. லாரிகள் அதிகம் என்பதால் முன்னும் பின்னுமாக ஒற்றை வரிசையில்தான் வந்தோம், பேச்சு குறைவு. மாத்தூருக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர் வேகத்தைக் குறைத்து, கூட வந்து, ஜன்னல் வழியாக ஒரு கொய்யாப்பழத்தை நீட்டினார். அதை வாங்க ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்கத் துணிவில்லை. முன்னால் போய் ஓரம் கட்டி, இறங்கி நின்று கொடுத்துவிட்டுப் போனார்.

நாலரைக்கு வீடு. குளிப்பதற்கு முன் அதிராம்பட்டினம் கடைக்குப் போன் செய்தேன். "வந்து சேந்தாச்சா? அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பெரியவர். பின்னால் எண்ணெய் சடசடக்கும் சத்தம் கேட்டது. அடுத்த தடவை முத்துப்பேட்டைப் படகையும் சேர்த்து வருவதாகச் சொன்னேன். தோழி ஞாயிற்றுக்கிழமைக்கு முக்கொம்பு என்று செய்தி அனுப்பியிருக்கிறாள், மெதுவாக, 20 கிலோமீட்டர் மட்டும்.